துணைக்கு வந்தவர்கள்

"வித்தியாசமே இல்ல மேடம்" என்று பெனிட்டா சொன்னாள்.

கையிலிருந்த காபியை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் கோப்பையைச் சுவரில் எறிந்தேன். காகிதக் கோப்பை. சத்தம்கூட வரவில்லை. ஆறு வருடமாக எனக்கு எல்லாமே இப்படித்தான் நடக்கிறது.

"இன்னொரு தடவை போட்டுப் பாரு."

"மூணு தடவை போட்டாச்சு. கம்பெனியில கறை எடுத்த அறுபத்து நாலு பேரோட செல்லு சராசரியா எட்டாவது நாள் சாகுது. அவங்க சம்சாரங்களோடது ஒன்பதரை. இந்தக் கொஞ்ச வித்தியாசம் தற்செயலாக்கூட வரலாம். கமிட்டி முன்னாடி கொண்டுபோனா சிரிப்பாங்க."

கமிட்டி கூடுவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பெனிட்டா எங்கள் புள்ளியியல்காரி. எண்கள் விஷயத்தில் அவள் எனக்காக ஒரு தசமம்கூட விட்டுத்தர மாட்டாள். அதற்காகத்தான் அவளை வேலைக்கு எடுத்தேன். அன்றைக்கு அதற்காகவே அவள் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

என் பெயர் இந்திராணி. கோவையில் அவினாசி சாலையை ஒட்டிய ஓர் ஆய்வகத்தில் செல் உயிரியல் பார்க்கிறேன். பார்ப்பது என்றால், சாவதைப் பார்ப்பது. மூளையின் அடியில் கறுப்பாக ஒரு சின்ன இடம் உண்டு. அங்கிருக்கும் செல்கள் டோபமைன் சுரந்துகொண்டிருக்கும் வரைக்கும் சட்டைக்குப் பொத்தான் போடுவது ஒரு வேலையாகவே தெரியாது. அவை பாதிக்கு மேல் செத்துவிட்டால் கை நடுங்கும், கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், முகம் சிரிப்பை மறந்துவிடும். பார்க்கின்சன் நோய். அதை அடையாளம் கண்டு இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் செல்கள் ஏன் சாகின்றன என்று கேட்டால் இன்றைக்கும் வயது, பரம்பரை, சுற்றுச்சூழல் என்று மூன்று பக்கமும் கையைக் காட்டுவோம்.

அந்தச் சுற்றுச்சூழலை ஒரு டப்பாவுக்குள் பிடித்துவிடலாம் என்று கிளம்பியவள் நான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைத்த துணியில் எந்திர எண்ணெய் பட்டுவிட்டால், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் ஒரு திரவத்தைப் பீய்ச்சிக் கறையை எடுப்பார்கள். சர்ரென்று அடித்ததும் கறை ஓடிவிடும், திரவமும் ஆவியாகிவிடும். லேசாகத் தித்திக்கும் வாசனை. அந்தத் துப்பாக்கியைப் பல வருடம் பிடித்தவர்களுக்கு ஐம்பது வயதுக்குள்ளேயே கை நடுங்குகிறது என்று ஒரு நரம்பு மருத்துவர் என்னிடம் சொன்னார். திரவத்தைத் தடை செய்யலாமா என்று முடிவு செய்ய அரசு ஒரு கமிட்டி போட்டது. நிரூபி பார்க்கலாம் என்றார்கள்.

அன்றைக்குப் பார்த்து ஈஸ்வரமூர்த்தியும் அவர் மனைவி பூங்கொடியும் சோதனைக்கு வந்திருந்தார்கள். மூர்த்தியண்ணன் இருபத்து நாலு வருடம் துப்பாக்கி பிடித்தவர். ஐம்பத்து மூன்று வயது. கை நடுங்க ஆரம்பித்ததும் கம்பெனி ஒரு சால்வை போர்த்தி அனுப்பிவைத்துவிட்டது. பூங்கொடியக்காதான் அவரைக் குளிப்பாட்டி, பொத்தான் போட்டு, பஸ் ஏற்றிக் கூட்டிவருவார்.

"ஏனுங்க டாக்டரம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றார் அக்கா.

"கடைசி ரிசல்ட் வந்துருச்சுக்கா."

"வந்தா நல்லதுதானுங்களே."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "உங்க தோல்ல ஒரு பொட்டு எடுத்தோமில்லையா? அதை மூளைச் செல்லா மாத்திருவோம். அதோட வயசும் மாறாது, அது பட்ட காயமும் மாறாது. அப்புறம் அந்தத் தொட்டியில போட்டு, உங்க ரத்தத்துல பிரிச்ச தெளிவையே சாப்பாடாக் குடுப்போம். தொட்டிக்குள்ள ஒரு நாள் ஓடினா வெளியில ஒரு வருசம்."

"அதானுங்க அவசரத்தொட்டின்னு பெனிட்டாப் புள்ள சொல்லுச்சு" என்றார் மூர்த்தியண்ணன். குரல் தாழ்ந்துபோயிருந்தது. இந்த நோய் குரலையும் தின்னும்.

"ஆமாண்ணா. செல்லுக்குள்ள கரண்டு தயாரிக்கிறதுக்குன்னு சின்னச் சின்னதா மெஷின் இருக்கும். இந்தத் திரவம் மொதல்ல அதைத்தான் கெடுக்குது. கரண்டு நின்னா குப்பை அள்ள முடியாது. ஒரு புரதம் கட்டி கட்டியாத் தேங்கி, செல்லு செத்துரும். இதைக் கண்ணாலயே பாத்தாச்சு. ஆனா துப்பாக்கி பிடிக்காதவங்களுக்கு இப்படி ஆகலைன்னும் காட்டணும். அதுக்குத்தான் துணைக்கு வந்த உங்களை எல்லாம் சேத்தேன் அக்கா. ஒரே வீடு, ஒரே தண்ணி, ஒரே சோறு. துப்பாக்கி மட்டும் கிடையாது."

இந்த யோசனையை நினைத்து நான் ஒரு காலத்தில் மார்தட்டிக்கொண்டவள். நம் ஊரில் யாரும் ஆஸ்பத்திரிக்குத் தனியாக வருவதில்லை. துணைக்கு ஒருவர் வருவார், அநேகமாக மனைவி. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆளைத் தேடி நான் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. காத்திருப்பு அறை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பறம் என்னாச்சுங்க?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சாகுது. தொட்டியே எல்லாச் செல்லையும் கொல்லுது, திரவம் ஒண்ணும் பண்ணலைன்னு கம்பெனிக்காரங்க வக்கீல் வெச்சுச் சொல்லுவாங்க."

உண்மையில் அந்தச் சந்தேகம் எனக்கே வந்து இரண்டு வருடத்தைத் தின்றிருந்தது. தொட்டியை மாற்றினோம், சாப்பாட்டை மாற்றினோம். ஒரு தடவை வெளியூர்க்காரர்களின் ரத்தத் தெளிவைக் கொடுத்தபோது மனைவிமார்களின் செல்கள் இருபது நாளைத் தாண்டி உயிரோடு இருந்தன. விதிமுறைப்படி அவரவர் ரத்தம்தான் கொடுக்க வேண்டும் என்பதால் அந்த ஓட்டத்தைத் தவறு என்று எழுதி மூடிவைத்தேன். அறுபத்து நாலு மனைவிகளில் ஆறு பேரின் செல்கள் மட்டும் முப்பது நாள் தாங்கின. அந்த ஆறு பேருக்கு மரபணுவில் ஏதோ கொடுப்பினை என்று ஒரு வருடம் குடைந்தோம். ஒரு மண்ணும் கிடைக்கவில்லை.

பூங்கொடியக்கா எழுந்து நின்றுவிட்டார். "அப்ப எங்கூட்டுக்காரருக்கு இது சாமி குத்தத்துல வந்துச்சுங்களா? ஆறு வருசமா ரத்தம் குடுத்தமே, எதுக்குங்க? கம்பெனியில அவிய இன்னும் அதைத்தான் அடிச்சுட்டு இருக்கறாங்க. போன மாசம் எங்க சந்துல இன்னொருத்தருக்குக் கை ஆட ஆரம்பிச்சிருக்குது."

"ஏம்புள்ள, விடு. அவங்க என்ன பண்ணுவாங்க" என்றார் மூர்த்தியண்ணன்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு எல்லாரும் நல்லவங்க."

கோபம் வந்ததும் அப்படியே கிளம்பிப் போய்விட்டார்கள். போன வேகத்தில் மாத்திரை டப்பாவை பெஞ்சிலேயே விட்டுவிட்டார்கள். நேரம் தவறினால் அவர் சிலையாகிவிடுவார், வாசற்படியைக்கூடத் தாண்ட முடியாது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. திட்டிக்கொண்டே காரை எடுத்தேன். அவர்களைத் திட்டினேனா என்னைத் திட்டினேனா, தெரியாது.

திருப்பூரில் அவர்கள் இருந்தது ஒரு லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் பத்து வாசல். காரைவிட்டு இறங்கியதுமே அந்தத் தித்திப்பு வாசனை மூக்கில் ஏறியது. பக்கத்தில் கம்பெனி எதுவும் இல்லை. பிரமை என்று நினைத்துக்கொண்டேன். ஆறு வருடம் ஒரு திரவத்தோடு மல்லுக்கட்டினால் கனவிலும் அதுதான் மணக்கும்.

பூங்கொடியக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பனியன் மலை. பெரிய பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, தொங்கும் நூல் நுனியைச் சின்னக் கத்தரியால் வெட்டி, மடித்து எறிந்தார். பார்க்கவே கை அவ்வளவு வேகம்.

"அய்யோ, மாத்திரையா? நெம்பத் தாங்ஸுங்க. உக்காருங்க, காப்பி வெக்கறேன்."

"என்னக்கா இது?"

"இதுங்களா? பிசிறு வெட்டறதுங்க. கம்பெனி வண்டி காலையில பண்டலைப் போட்டுட்டுப் போகும், பொழுதோட வந்து எடுத்துக்கும்."

நான் ஒரு பனியனை எடுத்தேன். ஈரமாக இருந்தது. மூக்கில் வைத்தேன்.

"கறை அடிச்ச கையோட கட்டிப்போடுவாங்க. ஈரம் காயாதுங்க" என்றார் அவர், என்னவோ தான் செய்த தப்புபோல.

"அக்கா, வேலைக்குப் போறதில்லைன்னுதானே எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமாங்க. நான் எங்க வேலைக்குப் போறேன்? வீட்டுல சும்மாதான் இருக்கறேன்."

"சும்மாவா? இது?"

"இதெல்லாம் ஒரு வேலைங்களா? நடுவுல இவரைப் பாத்துக்கலாம், சோறாக்கலாம், ஒறம்பரை வந்தா எந்திரிச்சுக் காப்பி வெக்கலாம்."

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?"

"எட்டு இருக்குமுங்க. ஆடி, தீவாளி முன்னால பன்னெண்டு."

"எத்தனை வருசமா?"

"பொண்ணு வயித்துல இருக்கறப்ப ஆரம்பிச்சனுங்க. அவளுக்கு இப்ப பத்தொம்பது. நர்சிங் ரெண்டாவது வருசம்."

நான் காபி குடிக்கவில்லை. பத்து வாசலிலும் எட்டிப்பார்த்தேன். எட்டு வீட்டில் பண்டல். கேட்டால், எட்டு வீட்டுப் பெண்களும் வேலைக்குப் போகவில்லை என்றார்கள். காரில் வந்து உட்கார்ந்து பெனிட்டாவுக்குப் போன் போட்டு அந்த ஆறு பேரின் முகவரியை வாங்கினேன். மரபணுவில் கொடுப்பினை பெற்ற ஆறு பேர்! ஒருவர் அங்கன்வாடியில் வேலை. ஒருவருக்கு நூல் தூசி ஆகாது. மற்ற நாலு பேரும் மாடி வீட்டில் குடியிருந்தார்கள். வண்டிக்காரன் பண்டலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற மாட்டானாம்.

படிக்கட்டு. ஒரு வருடம் மரபணுவைக் குடைந்து நாங்கள் தேடியது படிக்கட்டு.

ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டேன். அந்த எழவுப் படிவத்தை எழுதியது நான்தான். 'நீங்கள் வேலைக்குச் செல்கிறீர்களா? ஆம், இல்லை.' திருப்பூரில் எந்தப் பெண்ணிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று சந்துமுனை பெட்டிக்கடைக்காரருக்குத் தெரியும். மூன்று நாட்டில் படித்த எனக்குத் தெரியவில்லை.

எங்கள் இயக்குநர் ஆதிமூலம் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் எதையும் தள்ளிப்போடுவார்கள்.

"ஐம்பத்தெட்டு பேரையும் திரவம் பட்டவங்க பக்கம் மாத்திரலாம், சரி" என்றார். "ஆனா அவங்ககிட்ட வேலை விவரம் கையெழுத்தோட வாங்கணும். ஏன் கேக்கறீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?"

"உண்மையை."

"அவங்கவங்க தொட்டி முடிவை யாருக்கும் சொல்ல மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்கோம் இந்திராணி. மருந்து இல்லாத வியாதி. நல்லா இருக்கிற பொம்பளைங்ககிட்டப் போய் உனக்கு எட்டு வருசம், உனக்கு ஒன்பது வருசம்னு சொல்லப் போறியா? நெறிமுறைக் குழு அடுத்த மாசம் கூடுது. கேட்டுட்டுச் செய்வோம்."

"அடுத்த மாசம் வரைக்கும் அவங்க அதையே மோந்துட்டு இருக்கட்டுமா சார்? வெளியூர் ரத்தம் குடுத்தப்ப அந்தச் செல்லெல்லாம் இருபது நாள் தாண்டுச்சே, நாம தப்புன்னு மூடி வெச்சோமே. அது தப்பில்ல. திரவம் ரத்தத்துல வர்றது நின்னா பத்துப் பன்னெண்டு வருசம் தள்ளிப்போகுது. அவங்களுக்கு அந்தப் பன்னெண்டு வருசம் இருக்கு. நம்ம கையில இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கிளம்பிவிட்டேன்.

பூங்கொடியக்கா வீட்டு வாசலில்தான் முதலில் போய் நின்றேன். புதிய தாளை நீட்டி, பண்டல் விவரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். உள்ளே மூர்த்தியண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வருமுங்களா?"

பதிலை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

"எத்தனையாவது நாளு?"

"ஒன்பது."

அவர் விரலை மடக்கினார். பொண்ணு படிப்பு முடிவது, கல்யாணம், அதற்கப்புறம் எத்தனை என்று கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

"ஆறு வருசமா என்ற தோலையும் ரத்தத்தையும் வெச்சிருந்தீங்களே, ஒரு நா, ஒரே ஒரு நா, வீட்டுக்கு வந்து நீ என்ன பண்ணிட்டு இருக்கேன்னு கேட்டீங்களா?" சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "இவருக்கு நான் பொத்தான் போட்டு உடறேன். எனக்கு யாருங்க போட்டு உடுவா?"

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் அந்த வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கும் சேர்த்து அழுதேன்.

"இன்னியோட நிறுத்தினா பன்னெண்டு வருசம் கூடக் கிடைக்கும்கா. திரவத்தைத் தடை பண்ணிட்டா துணி ஈரமே இருக்காது. நீங்க பிசிறு வெட்டறதுல ஒரு ஆபத்தும் இல்லை."

"இவருக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க. நீங்க தனியாப் போனா ஒருத்தியும் கதவு தொறக்க மாட்டா" என்றார். ஒரு வாரம் என்னோடு சந்து சந்தாக அலைந்தார். இரண்டு பேர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றி என்னைச் சபித்தாள். ஐம்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

கமிட்டியில் மூன்று பேர் இருந்தார்கள். கம்பெனிக்காரர்களின் வக்கீல் எழுந்து, கையெழுத்துப் போட்ட மனைவிமார்களைக் கழித்துவிட்டால் ஆரோக்கியமான ஆள் என்று எட்டே பேர்தான் மிச்சம், எட்டுப் பேரை வைத்து ஒரு தொழிலையே மூடுவதா என்று கேட்டார். அதில் கையெழுத்துப் போடாத இரண்டு பேரும் சேர்த்தி. அவர்களிடம் பண்டல் கிடையாது என்று அவராகவே வைத்துக்கொண்டார். பெனிட்டா எழுந்து, பண்டல் வந்த வீடு, வராத வீடு என்று இரண்டு கோடு போட்டுக் காட்டினாள். ஒரு கோடு எட்டாம் நாள் விழுந்தது. இன்னொன்று முப்பது வரை நேராக ஓடியது. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

பிறகு பூங்கொடியக்காவைக் கூப்பிட்டார்கள். எழுதிக்கொடுத்ததை அவர் படிக்கவில்லை. காலையில் வந்த பண்டலிலிருந்து ஒரு பனியனை இறுக்கமாகக் கட்டிய பையோடு கொண்டுவந்திருந்தார். கமிட்டித் தலைவரின் மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தார்.

"இதுக்குள்ள மூஞ்சிய வெச்சு எட்டு மணி நேரம் இருங்க சாமி. நான் ஒண்ணும் சொல்லலை" என்றார்.

தலைவர் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. சன்னமாக இருமிவிட்டு, எடுத்துவிடும்படி சைகை செய்தார்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் இடைக்கால உத்தரவு வந்துவிட்டது. கறை எடுக்க அந்தத் திரவத்தைப் பயன்படுத்தத் தடை. ஆய்வகத்தில் ஆதிமூலம் சார் சொந்தச் செலவில் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். நெறிமுறைக் குழுவைக் கேட்காமல் நான் செய்ததற்கு விளக்கம் கேட்கும் கடிதத்தையும் அதோடு கொடுத்தார். இரண்டையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். பூங்கொடியக்கா போனில், "நெசமாலுமே நிறுத்திப்போடுவாங்களா டாக்டரம்மா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஆமாம் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வேலை யாருக்கோ வருடங்களைக் கொடுத்திருக்கிறது என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அடுத்த ரத்தம் எடுக்கப் போனேன். திரவம் நின்றுவிட்டது, ரத்தம் தெளிந்திருக்கும், அதைத் தொட்டியில் போட்டுக் கமிட்டிக்கு இறுதி அறிக்கை எழுத வேண்டும். காலை பதினோரு மணி. காரைவிட்டு இறங்கினேன்.

வாசனை இருந்தது. முன்னைவிட அதிகமாக.

கதவு திறந்துதான் இருந்தது. மிக்ஸி செருகும் பிளக்கில் ஒரு கறுப்பு வயர். வயரின் மறுமுனையில் துப்பாக்கி. அதை மூர்த்தியண்ணன் பிடித்திருந்தார். நடுங்கும் கையால் அடித்தால் கறைமேல் படாது, அறை முழுக்கத்தான் படும். அதனால் பூங்கொடியக்கா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். சேலைத் தலைப்பு மூக்கைச் சுற்றியிருந்தது. இரண்டு பேர் தலையும் ஒரே பனியன்மேல் குனிந்திருந்தன. சர்ர்.

"என்னக்கா பண்றீங்க!" என்று கத்தினேன். "தடை பண்ணியாச்சே! உத்தரவு வந்துருச்சே!"

"வந்துச்சுங்க" என்றார் அக்கா. "கம்பெனிக்குள்ள அடிக்கக் கூடாதாமா. இன்ஸ்பெக்டரெல்லாம் வந்து பாத்து, ஒரு துப்பாக்கிகூட இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்களாமா. அதான் பண்டலோட சேத்து இங்க குடுத்துட்டாங்க."

கைப்பையிலிருந்து போனை எடுத்து உத்தரவைத் தேடினேன். ஜிலேபி தின்ற அவசரத்தில் முதல் பக்கம்தான் படித்திருந்தேன். இரண்டாம் பக்கத்தில், நாலாவது பத்தியில் இருந்தது: 'தொழிற்சாலை வளாகங்களுக்குள்.' எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வீட்டில் வேலை நடக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேக்கா. உங்களுக்குத் தெரியும், என்ன ஆகும்னு தெரியும்."

"துப்பாக்கி வேண்டாம்னா பண்டலும் கிடையாதுன்னுட்டாங்க. பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு இருக்குது. இவரு மாத்திரை இருக்குது." அக்கா அவர் மணிக்கட்டை விடவே இல்லை. "நானே அடிச்சுக்கறேன்னுதான் சொன்னேன். இவரு உடமாட்டேங்கறாரு."

மூர்த்தியண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகம் சிரிக்காது. கண் மட்டும் சிரித்தது.

"எனக்கு வர வேண்டியது வந்தாச்சுங்க டாக்டரம்மா. இனிமே எனக்கு என்ன வந்துறப் போகுது? அவ நல்லா இருக்கறா. அவளுக்கு எதுக்குங்க இந்தக் கருமம்? அதான் நானே அடிக்கறேன். அவ சும்மா கையைப் புடிச்சுக்கிட்டா போதும்."

அக்கா என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை சொன்னது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது? கமிட்டித் தலைவர் நல்லவர், இருமினார், தடை போட்டார். இன்ஸ்பெக்டர் பார்க்கச் சொன்ன இடத்தைப் பார்த்தார். கம்பெனிக்காரன் சட்டப்படி நடந்தான். ஒருத்தன் சட்டையையும் பிடிக்க முடியவில்லை.

"புகையாட்டம் நிக்குது" என்று மூர்த்தியண்ணன் இருமினார். "நின்னுட்டே இருக்கறீங்களே. அந்த சன்னலைச் சித்தத் தொறந்து உடுங்க."

ஆறு வருடம், நூற்று இருபத்தெட்டு பேரின் தோல், ஒரு தொட்டி, ஒரு கமிட்டி. கடைசியில் நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் இருந்தது. போய்த் தாழ்ப்பாளை நீக்கி சன்னலைத் திறந்தேன்.

ஒரு கை தூரத்தில் அடுத்த வரிசை வீட்டுச் சன்னல். அதையும் காற்றுக்காகத் திறந்துதான் வைத்திருந்தார்கள். அங்கிருந்தும் அதே சர்ர் சத்தம் வந்துகொண்டிருந்தது.